தெரிந்த ‘செய’வும் தெரியாத ‘டு’வும்

ஆங்கில இலக்கணம் என்றாலே தமிழ்வழியில் பயின்று வந்த நம்மில் பலருக்கு வேம்பாய்க் கசக்கிறது. ‘டு’வும் வினையும் சேர்ந்தால் இன்பினிடிவ் என்று மனப்பாடம் செய்திருந்த நான், முதலாண்டில் ஒருநாள் வகுப்பில் எழுந்து, ‘ஐ கேன் டு டூ’ என்றேன். எழுந்த சிரிப்பில் அவ்வாண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை. குற்றம் என்னுடையது மட்டுமா? கற்பிக்கும் முறையிலும் குறை உண்டு என்பதே என் கருத்து.

இன்பினிடிவ் நமக்குப் புதிதா? இல்லை. ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைத் தொல்காப்பியமே கூறுகிறது. ‘வர விரும்புகிறேன்’, ‘வர விரும்பினார்கள்’ என்னும்போது ஆளும் எண்ணும் காலமும் மாறினாலும் ‘வர’ மாறவில்லை. ஆங்கில இன்பினிடிவின் இயல்பும் இதுவே.

வேறுபாடு ‘டு’வில்தான். ‘வர முடியும்’, ‘வர விரும்புகிறேன்’ இரண்டிலும் நமக்கு ‘வர’ ஒன்றே. ஆங்கிலத்திலோ ‘கேன் கம்’, ‘வான்ட் டு கம்’. கேன், மே, மஸ்ட், ஷுட் ஆகியவற்றின் பின் ‘டு’ வராது. ‘ஹி மேட் மி கோ’ என்பதில் இல்லாத ‘டு’, செயப்பாட்டு வினையாக்கினால் ‘ஐ வாஸ் மேட் டு கோ’ என்று வந்து நிற்கிறது. நாம் புதிதாகக் கற்க வேண்டியது இந்த வரவு செலவைத்தான், கருத்தை அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘சிங்கன்’ என்றாலே ‘பாட’ என்று பொருள். அந்த ஈறு தேய்ந்த பிறகே ‘டு’வின் ஆட்சி பரவியது.

‘ஹி ஸ்டாப்டு டு டாக்’, ‘ஹி ஸ்டாப்டு டாக்கிங்’ ஆகியவற்றில் மயங்காதவர் நம்மில் சிலரே. ‘பேச நின்றான்’, ‘பேசுவதை நிறுத்தினான்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். முன்னது செயவென் எச்சம்; பின்னது தொழிற்பெயர். மயக்கம் தீர்ந்தது!

இரு மொழிகளும் எங்கும் ஒத்துப்போகும் என்று நான் கூறவில்லை. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதை ஆங்கில இன்பினிடிவால் சொல்ல இயலாது. அந்த வேறுபாட்டையும் வகுப்பிலேயே காட்டலாமே!

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வளராது என்பார் உண்டு. வீட்டிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு அது பொருந்தலாம். எங்களுக்கோ ஊன்றி நிற்கத் தமிழ்தான் தரை; தரையில் கால் ஊன்றாமல் தாவ முடியுமா? ஆசிரியப் பெருமக்கள் ஒரு வகுப்பிலேனும் நன்னூலையும் ஆங்கில இலக்கணத்தையும் அருகருகே வைத்து நடத்த வேண்டுகிறேன்.

நண்பர்களே, சிரிப்புக்கு அஞ்சி ஓராண்டை நான் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.