சுக்கிரனுக்குரிய மொச்சை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவையை நோக்கிச் செல்லும் அன்பர்கள் மரக்காணத்தில் இறங்கிப் பூமீசுவரரைத் தரிசிப்பதுண்டு. சோழர் காலக் கற்றளி. ஊரைச் சூழ்ந்து வெண்மையாய் விரிந்திருப்பவை உப்பளங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓய்ந்த பாத்திகளைத் தை பிறந்ததும் மீண்டும் திருத்துவர். உள்நாட்டுத் தோட்டங்களிலிருந்து மொச்சை சந்தைக்கு வருவதும் அப்போதே. ஆடியில் விதைத்தாலும், பகற்பொழுது குறுகிய பின்னரே நாட்டு மொச்சை பூக்கும்.

நவக்கிரகங்களுள் சுக்கிர பகவானுக்குரிய தானியம் வெள்ளை மொச்சை. வெள்ளிதோறும் சுண்டல் நிவேதனம் செய்யும் இல்லங்கள் பல. அந்தச் சுண்டலைக் குறித்தே இவ்வாரம் சொல்லவேண்டியுள்ளது. அரைவேக்காட்டுப் பிரசாதத்தை உண்டு, இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் முதியோர் உளர்.

காய்ந்த மொச்சை 100 கிராமில் ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. வெந்தபின் நீர் ஏறிவிடுவதால் அதே எடையில் 8 கிராம் அளவே நிற்கும். நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் உண்டு. தசை தளரும் வயதில், புலால் உண்ணாதோருக்கு இது நல்ல துணை. ஆயினும் பச்சை விதையில் உடலுக்கு ஒவ்வாத சில பொருள்கள் இயற்கையாகவே உள்ளன. ஆகவே வியாழன் இரவே ஊறவைத்து, காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்கு கொதிக்கவிடுக. இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் மாவாய் நசுங்கவேண்டும், அதுவே பதம். பல் தளர்ந்தோர் ஊறிய விதையைப் பிதுக்கித் தோல் நீக்கிச் சமைக்கலாம். பெருங்காயமும் இஞ்சியும் வாயுவைத் தணிக்கும். இரத்த அழுத்தமுள்ளோர் உப்பைக் குறைக்க. சிறுநீரக நோயுள்ளோர் பொட்டாசியம் கருதி மருத்துவரைக் கேட்டே உண்க.

வாங்கும்போது விதை ஒரே நிறமாய், சுருக்கமின்றி இருக்கிறதா எனப் பார்க்க. தோலின்மேல் ஒட்டிய வெண்புள்ளி தென்பட்டால் அது வண்டின் முட்டை. துளையிருந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். இத்தகையதை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

கடற்கரை ஊர்களில் சேமிப்பதுதான் பெரும்பாடு. கழுவாத கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஒருமுறை உப்புச் சாடிக்கு அருகிலேயே மொச்சை டப்பாவை மூடி தளர வைத்துவிட்டேன். ஆடி வெள்ளிக்கு எடுத்தபோது பாதி மாவு, பாதி வண்டு! அன்று பகவானுக்குக் கற்கண்டு மட்டுமே நிவேதனமாயிற்று.

இப்போது செய்வது இதுவே: பங்குனி வெயிலில் மூன்று நாள் காயவைத்து, கடித்தால் ‘டக்’கென உடையும் பதத்தில் ஆறவிட்டு, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பிசறி, இறுக மூடும் கலத்தில் இடுகிறேன். எண்ணெய்ப் படலத்தில் முட்டை மூச்சுமுட்டி அழியும். சமைக்குமுன் வெந்நீரில் அலசினால் போதும். மாடியில் வெயில் கிட்டாத அடுக்ககவாசிகள், காய்ந்த மொச்சையைக் காற்றுப் புகாத பையிலிட்டு உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறவாமல், குளிர் முற்றும் நீங்கியபின் திறக்கவேண்டும்; இல்லையேல் உள்ளே பனிநீர் படிந்து பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடையடிக்கும் மொச்சையைக் கழுவிச் சமைக்க எண்ணாதீர்கள். பசுவுக்கும் அதை வைக்கலாகாது.

தை வெள்ளிக்குப் புது மொச்சை வாங்குவோர், சென்ற ஆண்டின் மிச்சத்தை அதே கலத்தில் கலக்கவேண்டாம். பழையதைத் தனியே வைத்து, இன்னும் சற்று நேரம் கூடுதலாக ஊறவிட்டு, முதலில் செலவழித்துவிடுக.