விதியில் இடமில்லை

1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு நடத்த உட்கார்ந்தேன். ஆடுபவர்கள் தாம் செய்வதைச் சொல்ல வேண்டும். விளைவை நடத்துபவர் சொல்ல வேண்டும். நடத்துபவருக்குப் பிரெஞ்சில் ‘மேத்ர் து ழே’ என்று பெயர். எங்கள் பள்ளியில் ‘மேத்ர்’ என்றால் வாத்தியார். நானும் வாத்தியாராகவே ஆகிவிட்டேன்.

“பூதத்தோடு சண்டை வேண்டாம் தாத்தா, பசிக்குதான்னு கேக்கறேன்” என்றாள் பேத்தி. நான் விதியைத் தேடிப் பக்கம் புரட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுவாரம் புத்தகத்தை மூடி, 20 முகப் பகடையை அவளிடம் கொடுத்தேன். “12-க்கு மேல் விழுந்தால் பூதம் பேசும்.” 17 விழுந்தது. இரண்டு மணி நேரம் பேசினோம்.

புதிதாக நடத்துபவர்களுக்குச் சொல்கிறேன்: சிக்கலை மட்டும் தயார் செய்யுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். ‘விதியில் இடமில்லை’ என்று கோப்பில் எழுதி நான் திருப்பியனுப்பியவர்கள் போதும்.