கொமோடோ உடும்பின் வாயும் ஒரு பழங்கதையும்

இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு கடித்தால், அதன் எச்சிலிலுள்ள நுண்ணுயிரிகளே இரையைக் கொல்லும் என்று இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்று கைவிடப்பட வேண்டும்.

அதன் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்நஞ்சு குருதி உறைவதைத் தடுக்கும், குருதியழுத்தத்தைக் குறைக்கும். அதன் வாயில் வாழும் நுண்ணுயிரிகள் பிற ஊனுண்ணிகளின் வாயில் உள்ளவை போன்றவையே என்பது 2013இல் தெளிவாயிற்று. இரம்பம் போன்ற பற்களின் வெட்டுமுனைகளில் இரும்பு செறிந்த படலம் இருப்பது 2024இல் கண்டறியப்பட்டது. இரையை வீழ்த்துவதில் நஞ்சின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அழுகிய வாய் என்னும் கதைக்கோ சான்றில்லை.

சுவையானது என்பதற்காகப் பிழையைப் பாடமாக்கலாகாது. 2021 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ள உயிரை அருவருப்போடு அறிமுகப்படுத்துவது, அறிவியலுக்கும் அதன் பாதுகாப்புக்கும் செய்யும் தீங்கு.