பூட்டியது வீட்டை, வாடியது மனம்

திருவண்ணாமலையில் பவுர்ணமி இரவில் ஊர் தூங்குவது இல்லை. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் பாதை. லட்சக்கணக்கான ஜனங்கள் விடிய விடிய நடப்பார்கள். இட்லிக் கடையில் ஆவி பறக்கும். கற்பூரம் விற்பவர் கூவுவார். வழி நெடுக சாதுக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதமும் பவுர்ணமி வந்தது. நிலவு காய்ந்தது. நடக்கத்தான் ஆள் இல்லை!

கொரோனா நோய்க்காக மார்ச் 25-ந்தேதி முதல் நாடெங்கும் ஊரடங்கு. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு நீட்டினார்கள். மறுபடியும் நீட்டினார்கள். செப்டம்பர் 1-ந்தேதிதான் பெரிய கோவில்கள் திறந்தன. நவம்பர் 29-ந்தேதி மலை உச்சியில் கார்த்திகை தீபம் எரிந்தது. ஆனால் அதைக் காண வெளியூர் பக்தர்கள் வரக்கூடாது என்று தடை. பவுர்ணமிக் கூட்டம் பழையபடி திரும்பியது 2022-ல்தான்.

ஊரை அடைத்தது தவறு அல்ல. அப்போது தடுப்பூசி கிடையாது. தொற்றுகிற நோயைத் தள்ளி நின்றுதான் தடுக்க முடியும். ஆனால் உடம்பைக் காக்கிற அவசரத்தில் மனத்தை மறந்துவிட்டார்கள். அதுதான் தவறு.

கோவில் வாசலில் பூக்கட்டுகிறவளுக்கு அன்றாடம் விற்றால்தான் அடுப்பு எரியும். விற்பனை நின்றது. வட்டிக்குக் கடன் கொடுத்தவர் நிற்பாரா? புருஷனுக்கும் வேலை இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர். ராத்திரி தூக்கம் வராது. நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது. தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். அந்தக் கோபம் பிள்ளைகளின் முதுகில் இறங்கும். தினம் குடித்து வந்தவர்களுக்கோ, மதுக்கடை மூடிய உடனே கை நடுக்கமும் மனக்குழப்பமும் கண்டன. அதுவும் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய நோய்தான். ‘திமிர்’ என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

அந்த ஏப்ரலில் ஒரு சம்பவம் நடந்தது. சீன நாட்டுப் பயணி ஒருவர் தங்க இடம் கிடைக்காமல் அண்ணாமலையில் ஏறி, ஒரு குகையில் பல நாள் தனியாகக் கிடந்தார். வனத்துறையினர் கண்டுபிடித்துக் கீழே அழைத்து வந்தார்கள். பரிசோதனை நடந்தது. அவருக்கு நோய் இல்லை!

குகை வாசம் இந்த ஊருக்குப் புதிது அல்ல. ரமண மகரிஷி இதே மலையில் விருபாட்ச குகையில் பதினாறு, பதினேழு ஆண்டுகள் இருந்தார். 1905-ம் ஆண்டு ஊரில் பிளேக் நோய் பரவியபோது, ஆறு மாதம் பச்சையம்மன் கோவிலில் தங்கினார். அது அவராகத் தேடிக்கொண்ட தனிமை. அங்கும் அவரைத் தேடி ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊர் அடங்கிய நாளில் சாதாரண ஜனங்களுக்கு வந்தது அப்படிப்பட்ட தனிமை அல்ல. அது தலையில் வந்து விழுந்தது. “வீட்டில் சும்மா இருக்கக் கசக்கிறதா? தியானம் செய்யுங்கள்” என்று உபதேசம் செய்தவர்கள், பூக்காரியின் அடுப்பை எட்டிப் பார்க்கவில்லை.

‘சமூக இடைவெளி’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியதும் ஒரு கோளாறு. விலக வேண்டியது உடம்புதான். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் மாதத்தில் பேச்சை மாற்றி, ‘உடல் இடைவெளி’ என்று சொல்லத் தொடங்கியது. எதிர் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டியிடம், தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று, “சாப்பிட்டீங்களா, ஆயா?” என்று கேட்டால் எந்தக் கிருமியும் ஒட்டாது.

கொரோனாவின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்றமும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக அதே நிறுவனம் 2022-ல் அறிவித்தது. ஆகவே இது கோழைத்தனம் அல்ல, பைத்தியமும் அல்ல. காய்ச்சல் போல வருவது; வைத்தியத்துக்குக் கேட்பது. தூக்கமின்மையும் துக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘செத்தால் தேவலை’ என்று ஒருவர் சொன்னால், ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. திட்டக் கூடாது; தனியே விடவும் கூடாது. உடனே அழைத்துப் போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்கவே 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் வழி செய்திருக்கிறது.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. காசு வேண்டாம். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கொரோனா வந்தபோது இந்த எண் இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் பூக்கட்டுகிறவளுக்கும் இட்லிக் கடைக்காரருக்கும் அது தெரியுமா?

அடுத்த கொள்ளை நோய் வந்த பிறகு பலகை எழுத ஆள் தேடக் கூடாது. கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டுக் கோவில்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோவிலுக்கும் பக்கத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க மாநகராட்சியாரும் அறநிலையத்துறையும் இன்றே முன்வரலாம். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் ஐந்து எண்கள் பெரிய பாடம் அல்ல. ஒரு சுற்று வருவதற்குள் எட்டு முறை படித்துவிடுவார்.