இடுப்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்

மலையில் இடுப்பு வலி இல்லாத கொழுந்துக்காரி யாராவது உண்டா? தலையில் கூடைக் கயிறு, முதுகில் 18 கிலோ, 20 கிலோ, காலடியில் வழுக்கும் சரிவு. அதனால்தான் நாம் அதை ஒரு வியாதியாகவே எண்ணுவதில்லை. சித்தாலேப பூசி, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போகிறோம்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது வலி காலுக்கு இறங்கும். பாரம் தூக்காமல், மருந்தும் பயிற்சியும் எடுத்தால் பலருக்குச் சில வாரங்களில் அது குறைந்துவிடும். கத்தி வைக்கத் தேவையில்லை. (பாரம் தூக்காமல் இருக்க எந்தத் தோட்டத்தில் விடுகிறார்கள் என்பது வேறு கதை.)

ஆனால் காத்திருக்கவே கூடாத அடையாளங்கள் உண்டு. இரண்டு கால்களும் பலமிழப்பது, உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது. முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கும்போது இப்படி நடக்கும். பின்பக்க எலும்பில் கொஞ்சம் வெட்டி, பிதுங்கிய வட்டை எடுத்து, நரம்பை விடுவிக்கிறார்கள். தாமதித்தால் அழுத்தம் நீங்கினாலும் நரம்பு பழையபடி வராமல் போகலாம்.

நம் பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். டிஸ்பென்சரியில் இருப்பவர் ஆண் என்பதால் "இடுப்பு வலி ஐயா" என்பதோடு நிறுத்தி, இரண்டு பனடோலுடன் லயத்துக்குத் திரும்புகிறார்கள். அக்காமாரே, தங்கச்சிமாரே, சிறுநீர்ப் பிரச்சினையை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லச் சங்கடமென்றால் மாதர் சங்கத் தலைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்கான நிபுணர்கள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். ஆகவே தோட்டத்தை விட்டுப் புறப்படும் முதல் மணித்தியாலங்கள் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. "நாளைக்கு லொறி போகும்" என்ற பதிலை நாம் ஏற்கக் கூடாது.

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் நேரும் விபத்துக்கு நட்டஈடு தருகிறது. வருஷக்கணக்கில் கூடை சுமந்து தேய்ந்த முதுகை விபத்தென்று எந்தத் துரை ஒப்புக்கொள்வார்? அதனால் மலையில் வழுக்கி விழுந்தால், வலி சின்னதாக இருந்தாலும், அன்றைக்கே பதியச் சொல்லுங்கள்.

சத்திர சிகிச்சை முடிந்து வருபவருக்கு வைத்தியரின் கடிதப்படி பாரமில்லாத வேலை, முழுப் பேருடன் கொடுக்க வேண்டும். இதை அடுத்த பேச்சுவார்த்தையில் நம் சங்கம் முன்வைக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதவும், தவறணையில் உட்கார்ந்து பை நிரப்பவும் ஆள் வேண்டாம் என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.