கோட்டைக்கு வெளியே ஒரு தெரு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர்பாருவில் இருக்கும் நமக்கு மலாக்கா கைக்கெட்டும் தூரம். காலையில் பசியாறிவிட்டு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆயர் குரோ டோலைத் தாண்டிவிடலாம். அப்புறம் வழக்கமான வேலைதான். கோட்டை வாசலில் ஒரு படம், பாட்டு அலறும் டிரைஷாவில் ஒரு சுற்று, ஜோங்கர் தெருவில் செண்டோல், வீடு. அடுத்த முறை போகும்போது இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள் என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் அந்த வாசல். நாம் படம் எடுத்துக்கொள்ளும் ‘போர்த்தா டி சந்தியாகோ’, ஒரு நகரத்தையே சுற்றி நின்ற மதிலின் மிச்சம். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் கோட்டை கட்டத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் மதிலை நீட்டி, குன்றையே வளைத்துக்கொண்டார்கள். அதிகாரிகளின் வீடுகள், தேவாலயங்கள், மருத்துவமனை எல்லாம் உள்ளே. 1641-இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றினார்கள். அவர்களுக்குத் துணை நின்றது யார் தெரியுமா? நம் ஜொகூர். மலாக்காவை இழந்த சுல்தானின் வழியில் வந்ததுதான் ஜொகூர் அரசு. 130 ஆண்டுப் பழைய கணக்கு அது! வாசலின் மேலே ‘1670’ என்ற எண்ணும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் இன்றும் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய மதிலை இடித்தது எதிரியின் பீரங்கி அல்ல. 1807-இல் ஆங்கிலேயர்களே வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். கோட்டை வேறு யார் கைக்காவது போனால் தங்களுக்கு ஆபத்து என்ற எண்ணம். அப்போது மலாக்காவில் பதினோரு வயதுச் சிறுவனாக இருந்தவர் முன்ஷி அப்துல்லா. பிற்காலத்தில் தம் சுயசரிதையான ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் அந்த இடிப்பைப் பற்றி விரிவாக எழுதினார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளியில் படித்திருப்போம். நாகூர் வழியாக மலாக்கா வந்த குடும்பம் அவருடையது.

அந்த நூலில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. அப்துல்லாவின் அப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்பியிருக்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்த நாளைய மலாக்கா வழக்கமாம். கணக்கு வழக்குக்கும், ஊர் நிறைய இருந்த வணிகர்களோடு பேசுவதற்கும் தமிழ் வேண்டியிருந்தது. பேசிச் சம்பளம் வாங்கும் எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தத் தமிழ் வணிகர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் மதிலுக்குள் அல்ல. ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில். சுல்தான் காலத்தில் மலாக்கா துறைமுகத்துக்கு நான்கு ஷாபண்டார்கள். வெவ்வேறு நாட்டு வணிகர்களைக் கவனிக்க ஆளுக்கொரு பொறுப்பு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. போர்த்துகீசியர் வந்ததும் நீனா சத்து என்ற வணிகரைப் பெண்டஹாராவாக நியமித்தார்கள். அவ்வளவு செல்வாக்கு.

வாசலில் படம் எடுத்து முடித்ததும் பாலத்தைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸுக்கு நடந்து போங்கள். பெயருக்குப் பொற்கொல்லர் தெரு என்று பொருள். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. செட்டி சமூகத் தலைவர் தைவநாயகம் செட்டிக்கு டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த கோயில். சில அடிகள் தள்ளி 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதே வரிசையில் சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். மதிலுக்குள் இருந்தவை பெரும்பாலும் இடிபாடாகவோ அருங்காட்சியகமாகவோ ஆகிவிட்டன. மதிலுக்கு வெளியே இருந்த இந்தத் தெருவில் இன்றும் மணி அடிக்கிறது, பாங்கு கேட்கிறது, ஊதுபத்தி புகைகிறது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் சேர்க்கப்பட்டவற்றில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மதில் சூழ்ந்து நிற்கும் பிரியான்சோன் நகரமும் ஒன்று. அங்கே மதில் முழுசாக இருக்கிறது; மக்கள் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். நமக்கு மதில் இல்லை. இந்த மாதிரித் தெருக்கள்தாம் நம் சொத்து.

ஆனால் பட்டியலுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அந்த மையப் பகுதிக்கு வெளியே, காஜா பெராங்கில் இருக்கிறது கம்போங் செட்டி. பல நூறு ஆண்டுகளுக்கு முன் வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே வேரூன்றிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி என்ற பெயர்கள் இன்னும் தொடர்கின்றன. பெண்கள் கெபாயா அணிவார்கள். வீட்டில் பேசுவது மலாய். போகி நாளில் ‘பர்ச்சு’ என்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள். இறந்தவர்களுக்குப் பிடித்த பலகாரமும் குழம்பும் அதில் இருக்கும். முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டத்தோ சாச்சார்’. சாச்சார் என்றால் அம்மை. சொல் மாறியிருக்கிறது, ஆத்தா மாறவில்லை.

இந்த இடத்தில் நம்மில் சிலர் உடனே கேட்பார்கள்: “தமிழே பேசாதவங்க எப்படித் தமிழர்?” எனக்குக் கேள்வி வேறு. மொழி போன வீட்டில் படையல் எப்படி நின்றது? என் எண்ணம் இது. அப்துல்லா காலத்தில் தமிழுக்குக் கடைவீதியில் வேலை இருந்தது. அந்த வேலை போனபோது அதைப் பிடித்து வைக்க ஆள் குறைந்துபோனது. படையலுக்கு ஒவ்வொரு வீட்டிலும் வேலை இருந்தது. பாட்டி சமைத்தாள், பேரன் இலை போட்டான். பெருமைக்காகச் செய்யவில்லை, செய்தாக வேண்டும் என்று செய்தார்கள்.

நம் வீடுகளில் தமிழுக்கு இன்று என்ன வேலை? பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டு, வீட்டில் சோறு போடுவது முதல் திட்டுவது வரை ஆங்கிலத்தில் நடத்துகிற குடும்பங்கள் ஜொகூரிலும் நிறைய. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் என்பது பரீட்சைத் தாள் மட்டும்தான். சாமான் பட்டியல் எழுதுவது, தாத்தாவுக்குக் குரல் செய்தி அனுப்புவது, தீபாவளிப் பலகாரத்துக்கு அளவு கேட்பது என்று சின்னச் சின்ன வேலையைத் தமிழுக்குக் கொடுத்துப் பாருங்கள். அது வீட்டில் தங்கும்.

போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. வெயில் ஏறுமுன் காலையிலேயே நடந்துவிடுங்கள். கம்போங் செட்டி காட்சிப்பொருள் அல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். அங்கே செட்டி அருங்காட்சியகம் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். வீட்டு வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் படம் எடுக்கும் முன் கேளுங்கள். மலாயில் கேட்டால் போதும்.