மெத்தென்ற சாப்பாட்டுக்கு யாருடைய கை?

"மெத்தெண்டதாச் சாப்பிடுங்கோ. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ. சாப்பிட்ட உடன படுக்காதீங்கோ." ஸ்கிளீரோடெர்மா உள்ள ஒருவருக்குக் கிடைக்கிற உணவு ஆலோசனையைச் சுருக்கினால் இந்த மூன்றும்தான் வரும். மூன்றும் சரியானவை, அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. எங்கள் கேள்வி வேறு. திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய எங்கட வீடுகளில், அந்த மெத்தென்ற சாப்பாட்டை யார் செய்வது?

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஸ்கிளீரோடெர்மா என்றால் கிரேக்க மொழியில் 'இறுகிய தோல்'. நோயெதிர்ப்புத் தொகுதி குழம்பிப்போய், கொலாஜன் என்ற புரதம் தோலிலும் உள்ளுறுப்புகளிலும் அளவுக்கு மீறிப் படிகிறது. அரிதான நோய். தொற்றாது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகமாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதில். அதாவது எங்கட அம்மாமாரின், சித்திமாரின், மாமிமாரின் வயதில்.

பெயரில் தோல் இருந்தாலும் நோய் தோலோடு நிற்பதில்லை. உள்ளுறுப்புகளுக்கும் பரவுகிற வகையில் 90 வீதமானோர் வரை சமிபாட்டுத் தொகுதியும் பாதிக்கப்படுகிறது. வாய் பெரிதாகத் திறக்காது. உமிழ்நீர் வற்றும். உணவுக்குழாயின் தசை வலுவிழப்பதால் சோற்றுக் கவளம் நடுநெஞ்சில் நிற்கும். குழாயின் அடிவாசல் தளர்ந்து அமிலம் மேலே ஏறும். குடல் மெதுவாகி வயிறு ஊதும். பசி இருந்தும் சாப்பிட முடியாமல் ஆள் மெலிந்துகொண்டே போவார். சனம் அதைப் பார்த்து "என்ன, கவலையோ?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

இதற்கேற்ற உணவைத் தேடி வெளிநாட்டு டயட் வீடியோக்களுக்குப் போகத் தேவையில்லை. எங்கட அடுப்படியிலேயே இருக்கிறது. சொதியில் ஊறிய இடியப்பம் வறண்ட வாயிலும் இறங்கும். குழைய வைத்த கஞ்சி, கடைந்த பருப்பு, முள் எடுத்து மசித்த பாரை மீன், மசித்த முட்டை, கந்தளாய் வீதியில் சட்டியோடு வாங்குகிற எருமைத் தயிர், கனிந்த பப்பாசி என்று பட்டியல் நீளும். சில திருத்தங்கள் மட்டும் வேண்டும். மிளகாய்த் தூள் போட முதல் கறியில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைக்கலாம். சொதிக்குத் தேசிக்காயையும் பச்சை மிளகாயையும் குறைக்கலாம். தலைப்பாலின் கொழுப்பு சிலருக்கு நெஞ்செரிவைக் கூட்டும், அவர்களுக்கு இரண்டாம் பால் போதும். 'நார்ச்சத்துக் கூடச் சாப்பிடு' என்ற பொதுப்புத்தியும் எல்லாருக்கும் பொருந்தாது. குடல் மெதுவானவருக்கு அது வயிற்றை இன்னும் ஊதவைக்கலாம். இந்த நோயை மாற்றுகிற உணவு என்று ஒன்று கிடையாது. ஆகவே ஏற்கெனவே மெலிந்துகொண்டிருப்பவரிடம் போய் "பத்தியம்" என்று சொல்லி, மீனையும் முட்டையையும் தயிரையும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவைப்பது உதவி ஆகாது.

சரி, அந்த இடியப்பம் எப்படி மேசைக்கு வருகிறது? துருவலையில் இருந்து தேங்காய் துருவ வேண்டும். பால் பிழிய வேண்டும். கொதிநீர் விட்டு மாக் குழைக்க வேண்டும். பிறகு உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிய வேண்டும். ஸ்கிளீரோடெர்மா முதலில் பிடிப்பதோ விரல்களைத்தான். விரல்கள் மடிந்தபடி இறுகிவிடும், நுனியில் லேசில் ஆறாத புண்கள் வரும். குளிர் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் வெள்ளையாகி, பிறகு நீலமாகும். ரேனோ என்று அதைச் சொல்வார்கள், இந்த நோயாளர்களில் பெரும்பாலானோருக்கு அது உண்டு. திருகோணமலை வெயிலில் நின்று "கை விறைக்குது" எண்டால் ஆர் நம்புவினம்? ஆனால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைக் கழுவினாலே போதும், விரல் வெளிறத் தொடங்கும். அதோடு மீன் முள், தேசிப்புளி, மிளகாய்த் தூள் எல்லாம் அந்தப் புண்ணில்தான் படும்.

இதுதான் நாங்கள் சொல்ல வருவது. மெத்தென்ற சாப்பாட்டுக்குத்தான் நல்ல கைப்பலம் வேண்டியிருக்கிறது. ஆலோசனையைக் கேட்பவரும் வீட்டில் சமைப்பவரும் ஒரே பெண் என்றால், அந்த ஆலோசனை அவருக்கு இன்னொரு வேலைப் பட்டியல்தான். முடியாத நாளில் பாணும் தேத்தண்ணியும். காய்ந்த பாண் அவர் தொண்டையில் எப்படி இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

நேரத்தையும் பாருங்கள். இரவு படுப்பதற்குக் குறைந்தது மூன்று மணித்தியாலம் முதல் சாப்பிட்டு முடிக்கச் சொல்கிறது மருத்துவம். எங்கட வீடுகளில் அம்மா எப்போது சாப்பிடுகிறார்? எல்லாரும் சாப்பிட்டு, சட்டி கழுவி, மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கு. பத்தரைக்குப் பாயில் படுக்கை. நடு இரவில் அமிலம் தொண்டைக்கு வந்தால் "கண்டதையும் சாப்பிட்டிருப்பா" என்ற பழியும் அவருக்கே. ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டிய பெண் நாலாம் தரம் கோப்பையை எடுத்தால் வீட்டில் ஒரு பார்வை விழும். பெண்கள் கடைசியில் சாப்பிடுகிற வழக்கத்தைத் தியாகம் என்று புகழ்ந்து பழகிவிட்டோம். இந்த நோய் உள்ளவருக்கு அது நேரடியான கேடு.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இந்த நோயோடு சேர்ந்து ஞாபகம் வருகிற பெயர் ஓவியர் போல் கிளே. 1935இல் அவருக்கு நோய் தொடங்கியது. அது ஸ்கிளீரோடெர்மா என்றே பின்னாளில் மருத்துவ எழுத்தாளர்கள் கருதினார்கள். 1936இல் அவர் செய்த படைப்புகள் சுமார் 25. 1939இல் ஆயிரத்து இருநூறுக்கும் மேல். விழுங்குவது கடினமாகிப்போன ஆண்டுகள் அவை. 1940 ஜூன் 29 அன்று இறந்தார், அந்த நாள்தான் இன்று உலக ஸ்கிளீரோடெர்மா தினம். இந்தக் கதையை எல்லாரும் மன உறுதியின் கதையாகவே சொல்கிறார்கள். எங்களுக்குப் பிடித்தது அதன் இன்னொரு பக்கம். மியூனிக்கில் இளம் குடும்பமாக இருந்தபோது மனைவி லில்லி பியானோ கற்பித்து உழைத்தார், கிளே வீட்டில் சமைத்துப் பிள்ளையை வளர்த்தார். கடைசி ஆண்டுகளில் லில்லி அவரைப் பார்த்துக்கொண்டார். அடுப்படி ஒருவருக்கே எழுதிவைத்த இடமாக அந்த வீட்டில் இருக்கவில்லை.

"அம்மாவுக்குச் சமைக்கிறதுதான் சந்தோசம், அதையும் பறிச்சா அவ உடைஞ்சு போவா" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. உப்பும் புளியும் பார்ப்பவராக அவரே இருக்கட்டும். துருவுவது, பிழிவது, மீன் வெட்டுவது, சட்டி கழுவுவது எங்கட கைக்கு வரட்டும். 'எங்கட கை' என்றால் வீட்டு ஆண் பிள்ளைகளின் கையும்தான். தங்கச்சியின் தலையில் கட்டிவிட்டு வேலையைப் பகிர்ந்தோம் என்று சொல்லக்கூடாது. ஆள் இல்லாத வீட்டில் பின்னேரக் கடை இடியப்பமும் தேங்காய்ப்பால் மா பக்கற்றும் குற்றமில்லை.

இன்னும் சில வேலைகள் செலவில்லாதவை. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே ஓர் அரை அடிக்குச் செங்கல்லோ கட்டையோ வைக்கலாம். தலையணையை மட்டும் அடுக்குவதைவிட அது நல்லது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு, அவருக்கு முதலில் போடலாம். மாதம் ஒருதரம் நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதலாம். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நிறுப்பார், 45 வயதுப் பெண்ணை நிறுக்க யாரும் வருவதில்லை. 50 கிலோ இருந்தவர் காரணமில்லாமல் மூன்று நாலு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். விழுங்கும்போது அடைப்பது கூடினாலும் அப்படித்தான்.

அடுத்த ஜூன் 29க்கு நாங்களும் போஸ்ட் போடுவோம், போடத்தான் வேண்டும். அதற்கு முதல் இன்றைக்குப் பின்னேரம், திருக்கடலூரிலோ உட்துறைமுக வீதியிலோ எங்க இருந்தாலும், போய் அந்த இடியப்ப உரலைக் கையில் எடுங்கோ.